சிதையா அணுவும் சிதையும் அணுவும்

வஞ்சி மாநகரத்தில் மணிமேகலை பல்வேறு சமயக் கணக்கர்தம் திறங்களை வினவிக் கேட்ட செய்தியைச் சாத்தனார் தம் காப்பியத்தின் 27ஆம் காதையில் விரித்துரைக்கின்றார். அவர்களுள் ஆசீவகன் கூறும் அணுக்கொள்கை தனித்து நோக்கத்தக்கது. உயிர், நிலம், நீர், தீ, காற்று என ஐவகை அணுக்கள் உள, அவற்றுக்குத் தொடக்கமில்லை, அவை ஒருபோதும் சிதைவதில்லை, நீரின் அணு நிலத்தின் அணுவாகத் திரிவதில்லை, ஓரணு இரண்டாகப் பிளவுபடுவதுமில்லை. இவை கூடும், பிரியும், அவ்வளவே. ஓரணுவைத் தனியே காண வேண்டுமாயின் தெய்வக்கண் வேண்டும். அந்திப்பொழுதில் ஒற்றை மயிர் கண்ணுக்குப் புலப்படாது, மயிர்த்திரள் புலப்படுவது போல, மற்றவர்க்கு அணுக்கூட்டமே தெரியும் என்பது அவன் கூற்றின் சாரம்.

சிதையாமை, திரியாமை, பிளவாமை என்னும் இம்மூன்று மறுப்புகளும் ஆசீவகர்க்கு மட்டும் உரியன அல்ல. 1808ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஜான் டால்டன் வேதியியலுக்கு அடித்தளமாக அமைத்த அணுக்கொள்கையும் ஏறத்தாழ இதனையே பேசிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பிய அறிஞர் பலர் இந்நம்பிக்கையில் நின்றனர். பின்னர் நாற்பத்திரண்டே ஆண்டுகளில், 1896 முதல் 1938 வரையிலான இடைவெளியில், மூன்று மறுப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. அவை வீழ்ந்த வரலாறு பாரிசிலும் மாண்ட்ரியலிலும் பெர்லினிலும் நிகழ்ந்தது என்பது உண்மை. எனினும் அவ்வரலாற்றில் இடம்பெறும் பொருள்கள் பலவும் கந்தக பூமி என்று பெயர்பெற்ற விருதுநகர் மாவட்டத்திற்குப் புதியன அல்ல. வத்திராயிருப்பில் பிறந்த ஒருவர்க்கும் அதன் பிற்பகுதியில் இடமுண்டு.

முதலில் பாரிசு. 1896ஆம் ஆண்டில் ஹென்றி பெக்கரல், யுரேனிய உப்பு ஒன்று, வெயில் படாத இருட்டிலும், கறுப்புத்தாளில் பொதிந்த ஒளிப்படத் தகட்டைக் கறுக்கச் செய்வதைக் கண்டார். வெளியிலிருந்து எந்த ஆற்றலையும் பெறாமல் தானே கதிர்விடும் இப்பண்பை மேரி கியூரி ஆழ்ந்து ஆராய்ந்தார். யுரேனியம் எடுக்கப்பெறும் பிச்பிளெண்டு என்னும் கனிமம் யுரேனியத்தைக் காட்டிலும் மிகுதியாகக் கதிர்விடுவதைக் கண்டு, அதனுள் வேறொரு பொருள் மறைந்திருத்தல் வேண்டும் எனத் துணிந்தார். 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பர் 26ஆம் நாள் ரேடியம் என இரு புதிய தனிமங்கள் அறிவிக்கப்பெற்றன. ரேடியத்தைத் தேடிய வழி பேரியத்தின் வழியே சென்றது என்பது சிவகாசியை அறிந்தோர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தியாகும். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தனிமங்கள் ஆதலின், வேதிப்பிரிப்பின்போது ரேடியம் பேரியத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தது. பேரியக் குளோரைடையும் ரேடியக் குளோரைடையும் மீண்டும் மீண்டும் படிகமாக்கிப் பிரித்துப் பிரித்து, நான்காண்டு உழைப்பின் முடிவில், 1902இல் கிட்டியது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு.

பாரிசில் இது நிகழ்ந்துகொண்டிருந்த நாளிலேயே கனடாவின் மாண்ட்ரியல் நகரில் எர்னஸ்ட் ரூதர்போர்டு தோரியத்தை ஆராய்ந்தார். தோரியத்திலிருந்து வாயு ஒன்று எழுந்தது. அதன் கதிர்வீச்சு ஏறத்தாழ ஒவ்வொரு நிமிடத்திற்கும் பாதி பாதியாகக் குறைந்துவந்தது. 1900ஆம் ஆண்டில் அவர் கண்ட இந்தப் பாதிக் கணக்கே அரைவாழ்வு என்னும் கருத்தின் பிறப்பிடம். அடுத்த ஈராண்டுகளில், பிரடெரிக் சாடி என்னும் இளம் வேதியியலாரோடு சேர்ந்து, தோரியம் தானாகவே வேறு தனிமங்களாக மாறிக்கொண்டிருக்கிறது என்பதை அவர் நிறுவினார். சிதையாமையும் திரியாமையும் அன்றே வீழ்ந்தன. இதனை உணர்ந்த கணத்தில் சாடி, இது தனிமம் தனிமமாக மாறும் மாற்றமே என்று வியந்து கூவியதாகவும், அச்சொல்லை எடுக்காதே, நம்மை இரசவாதிகள் என்று தலையை வாங்கிவிடுவார்கள் என்று ரூதர்போர்டு தடுத்ததாகவும் சாடியே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இரசவாதம் என்னும் சொல் விருதுநகர் மாவட்டத்தார்க்குச் சதுரகிரியை நினைவூட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில், வத்திராயிருப்பை அடுத்து நிற்கும் அம்மலையைச் சித்தர் வாழும் மலை என்றும், மூலிகையும் இரசமும் கொண்டு செம்பையும் ஈயத்தையும் பொன்னாக்கும் வித்தை அங்கே பயிலப்பட்டது என்றும் மக்கள் வழிவழியாக நம்பிவருகின்றனர். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டப்படுகிறது. திருக்குறளின் செறிவைப் புகழ ஔவையார் பெயரால் வழங்கும் வெண்பாவில் அணு துளைக்கப்படுவதைக் காட்டி, அணுப்பிளவைத் தமிழர் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவோர் உளர். அது உவமையின் அழகைக் கெடுப்பதோடு அறிவியலையும் கெடுக்கும். எந்த அடுப்பின் வெப்பமும் எந்த மூலிகையின் சாறும் ஓர் உலோகத்தை வேறோர் உலோகமாக்குவதில்லை. அணுவின் நடுவே அமைந்த கரு மாறினாலன்றித் தனிமம் மாறாது. தீ அக்கருவைத் தீண்டுவதேயில்லை. சித்தர் மலையின் பாறைகளுக்குள்ளும் மாற்றம் நிகழ்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது பொன்னை நோக்கிய மாற்றம் அன்று. பாறைகளில் சிறிதளவு கலந்துள்ள தோரியமும் யுரேனியமும் படிப்படியாகச் சிதைந்து இறுதியில் ஈயமாகின்றன. இரசவாதி தொடங்க விரும்பிய இடத்தில் இயற்கை வந்து முடிகிறது.

தோரியம் தமிழகத்தின் தென்கோடியில் கடற்கரை மணலாகவே கிடக்கிறது. அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட்டு என்னும் தோரியக் கனிமம் இருப்பதை, 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் செர்மானிய வேதியியலார் கண்டறிந்தார். ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டே அவர் இக்கரையைத் தேடிவந்தார் என்பர். மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. முதல் உலகப்போர் மூண்டபின் அத்தொழில் செர்மானியர் கையைவிட்டு ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. இந்திய மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்குவரை தோரிய ஆக்சைடு உண்டு. அக்காலத்தில் அணு ஆற்றலுக்காக எவரும் அதனை நாடவில்லை. விளக்குக்காகவே நாடினர்.

ஆஸ்திரியா நாட்டுக் கார்ல் ஔயர் 1885இல் வடித்து 1891இல் செம்மைப்படுத்திய மாண்டில்தான் அந்த விளக்கின் உயிர். நூலால் பின்னிய சிறு பையைத் தோரிய நைட்ரேட்டில் நனைப்பர். நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம் சேர்ப்பர். முதன்முறை ஏற்றும்போது நூல் எரிந்துபோகும். நூலின் வடிவில் தோரிய ஆக்சைடு மட்டும் எஞ்சி நின்று, தீயின் வெப்பத்தில் வெண்ணிறமாகச் சுடர்விடும். ஏறத்தாழ 3,300 பாகை வெப்பத்திற்குக் குறைந்து உருகாத பொருள் அது. மின்விளக்கு எட்டாத கரிசற்காட்டுச் சிற்றூர்களில் பொங்கல் விழாவும், முளைப்பாரி ஊர்வலமும், வள்ளி திருமணம் நாடகமும், தேர்தல் கூட்டமும் நடந்தது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில். தலையில் விளக்கைச் சுமந்துகொண்டு ஊர்வலத்தின் இருமருங்கும் நடந்தவர்கள், உலகின் மிக மெல்லச் சிதையும் தனிமங்களுள் ஒன்றைச் சுமந்தே நடந்தார்கள். 1984இல் வெளிவந்த வைதேகி காத்திருந்தாள் திரைப்படத்தின் நகைச்சுவைக் காட்சியில் கைபட்டு நொறுங்கும் மாண்டிலைப் பார்த்துச் சிரிக்காத தமிழர் அரியர். நொறுங்கியது தோரியச் சாம்பல் என்று நினைத்தவர் அவர்களினும் அரியர். சிரித்தவர்க்கு அதனால் தீங்கொன்றும் இல்லை. அந்தச் சாம்பலை நாள்தோறும் மூச்சில் இழுப்பது வேறு செய்தி. ஆகையால்தான் பிற்காலத்தில் வெளிநாட்டு மாண்டில் உற்பத்தியாளர் பலர் தோரியத்தைக் கைவிட்டு இட்ரியத்திற்கு மாறினர்.

தோரியத்தின் அரைவாழ்வு 1,405 கோடி ஆண்டுகள். பூமியின் அகவையோ ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள்தாம். ஆகவே பூமி தோன்றியபோது இருந்த தோரியத்தில் பெரும்பகுதி இன்னும் சிதையாமலே இருக்கிறது. எனினும் ஒரு கிராம் தோரியத்தில் நொடிதோறும் ஏறத்தாழ நாலாயிரம் அணுக்கள் சிதைகின்றன. இவ்விரண்டும் முரண் போலத் தோன்றும். அணுக்களின் எண்ணிக்கை அத்துணைப் பெரிது என்பதே விடை.

அரைவாழ்வு என்னும் சொல்லைப் புலவர் சிலர் தவறாகப் பொருள்கொள்வதுண்டு. ஓரணு பாதி வாழ்ந்து பாதி இறக்கிறது என்பதன்று அதன் பொருள். ஆயிரம் அணுக்கள் இருந்தால், ஓர் அரைவாழ்வுக் காலத்தில் ஏறத்தாழ ஐந்நூறு எஞ்சும், அடுத்த அரைவாழ்வில் இருநூற்றைம்பது, பின்னும் அவ்வாறே. எந்த அணு முதலில் சிதையும் என்பதை எவராலும் சொல்ல இயலாது. இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. மனிதனுக்கு மூப்புண்டு, எண்பது வயதினர்க்கு அடுத்த ஆண்டு இறக்கும் வாய்ப்பு இருபது வயதினர்க்கு உள்ளதைவிடப் பன்மடங்கு. அணுவுக்கு மூப்பே இல்லை. 454 கோடி ஆண்டுகள் சிதையாது நின்ற தோரிய அணு, நேற்றுத் தோன்றிய தோரிய அணுவைக் காட்டிலும் களைத்துப்போனதன்று. அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பு இரண்டிற்கும் ஒன்றே. தொல்காப்பியர் காஞ்சித்திணைக்கு நிலையாமையைப் பொருளாக்கினார். இளமையும் செல்வமும் யாக்கையும் தேய்ந்து தேய்ந்து நிலையாது போவது நம் இலக்கியம் கண்ட நிலையாமை. தேயாமல், மூவாமல், முன்னறிவிப்பின்றி நிகழும் அணுவின் நிலையாமைக்கு அவ்விலக்கியத்தில் உவமை தேடுவது கடினம். புதுக்கவிஞர்க்கு இடம் இருக்கிறது.

இனிச் சிவகாசி. மழை பொய்த்த இந்தக் கரிசல் மண்ணில் வேளாண்மை மட்டும் சோறிடாது எனக் கண்ட பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். தீப்பெட்டியைத் தொடர்ந்து வண்ண மத்தாப்பும், 1940களில் பெருமளவில் பட்டாசு ஆலைகளும் வந்தன. வறண்ட வானிலை வெடிமருந்தை உலர்த்த உதவிற்று. கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றன் கலவை. வெடியுப்பாவது பொட்டாசியம் நைட்ரேட்டு.

பொட்டாசியமும் கதிரியக்கம் உடையதே என்பதை 1906ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் நார்மன் கேம்பலும் அலெக்சாண்டர் உட்டும் கண்டனர். இயற்கையில் கிடைக்கும் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு பொட்டாசியம் 40 என்னும் நிலையா வகை. அதன் அரைவாழ்வு 125 கோடி ஆண்டுகள். ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 31 அணுக்கள் சிதைகின்றன. வெடியுப்பின் எடையில் நூற்றுக்கு 39 பங்கு பொட்டாசியம் ஆதலின், ஒரு கிலோ வெடியுப்பில் நொடிதோறும் பன்னீராயிரம் சிதைவுகள் நிகழ்கின்றன. கேட்டவர் திடுக்கிடலாம். எழுபது கிலோ எடையுள்ள மனித உடலிலும், சோற்றோடும் கீரையோடும் வாழைப்பழத்தோடும் சேர்ந்த பொட்டாசியத்தால், நொடிக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட சிதைவுகள் நிகழ்கின்றன என்பதை அறிந்தால் திடுக்கம் தணியும். கிலோ வெடியுப்பின் அருகே அமர்வது மூன்று பேர் அருகே அமர்வதற்கு ஒப்பு, அவ்வளவே.

பொட்டாசியம் 40இன் சிதைவு இருவழிப்பட்டது. நூற்றுக்கு 89 பங்கு கால்சியமாகிறது. எஞ்சிய 11 பங்கு ஆர்கான் வாயுவாகிறது. நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உள்ள ஆர்கான், பெரும்பாலும் பூமியின் பாறைகளில் பொட்டாசியம் சிதைந்து சிதைந்து உண்டானதே. நீரணு நிலவணுவாகத் திரியாது என்று ஆசீவகன் சொன்னான். நிலத்தின் அணு காற்றின் அணுவாகத் திரிந்ததை நாம் நாள்தோறும் மூச்சு விடுகிறோம்.

சிவகாசி மருந்து வெடிக்கும்போது இந்தப் பொட்டாசியம் என்ன ஆகிறது? ஒன்றும் ஆவதில்லை. வெடிப்பில் அணுக்கள் தம் கூட்டைக் கலைத்து வேறு கூட்டு சேர்கின்றன. ஆசீவகன் சொன்ன கூடுதலும் பிரிதலும் அங்கே அப்படியே மெய். ஓரணுவுக்குச் சில எலெக்ட்ரான் வோல்ட்டு அளவே அதில் ஆற்றல் வெளிப்படும். பொட்டாசியம் 40இன் ஓரணு சிதைந்தால் வெளிப்படுவது 13 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டு. ஆயினும் சரவெடியின் ஓசையைத் தெருவே கேட்கிறது. அணுவின் சிதைவை எவரும் கேட்பதில்லை. கோடானுகோடி அணுக்கள் ஒரே நொடியில் இயங்குவதால் எழுவது வெடி. ஒவ்வொன்றாக, ஒன்றையொன்று அறியாமல் நிகழ்வது சிதைவு. திரியைக் கொளுத்தினால் முன்னது நிகழும். பின்னதை விரைவாக்கத் திரியும் இல்லை, நிறுத்த நீரும் இல்லை.

பட்டாசின் வண்ணங்களுக்கு வருவோம். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம். பேரியம் நைட்ரேட்டைத் தொழிலாளர் பச்சை உப்பு என்றே வழங்குவர். கம்பி மத்தாப்பிலும் அது சேரும். கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம் ஆகிய நான்கும் தனிம அட்டவணையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் ஒரு குடும்பம். மூத்தது எலும்பாகிறது, நடுவிலுள்ள இரண்டும் வாணவேடிக்கையாகின்றன, இளையது கதிர்விட்டுச் சிதைகிறது. குடும்பச் சாயல் மிகுதி. உடல் இவற்றிடையே வேறுபாடு காண்பதில் தவறிவிடுகிறது. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில் 1917 முதல் இளம்பெண்கள் கைக்கடிகார முகப்புகளில் இருட்டிலும் ஒளிரும் ரேடிய வண்ணம் தீட்டினர். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூர்செய்யுமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. உடலுக்குள் சென்ற ரேடியத்தை உடல் கால்சியம் என்று கருதி எலும்பில் சேர்த்துக்கொண்டது. தாடையெலும்பு சிதைந்து பலர் மாண்டனர். 1927இல் ஐவர் வழக்குத் தொடுத்தனர். 1928இல் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. தொழிற்கூடத்தில் உழைப்போர் உடல்நலம் பற்றிய சட்டங்களுக்கு அவ்வழக்கு ஒரு படிக்கல்.

அந்தப் பெண்களைப் பற்றிப் படிக்குங்கால் மத்தாப்புக் கம்பியும் மருந்துத்தூளும் படிந்த வேறு விரல்கள் நினைவுக்கு வருவது இயல்பு. இரண்டையும் ஒன்றெனக் கருதல் ஆகாது. பட்டாசிலுள்ள ஸ்ட்ரான்சியமும் பேரியமும் நிலையான அணுக்கள்; அவை கதிர்விடுவன அல்ல. பச்சை உப்பின் தீமை நஞ்சின் தீமை. நீரில் கரையும் பேரிய உப்பு உடலில் சேர்ந்தால் குருதியிலுள்ள பொட்டாசியத்தின் அளவைக் குலைத்துத் தசைகளைத் தளரச் செய்யும். இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23ஆம் நாள் பட்டாசில் பேரிய உப்புகளைத் தடைசெய்தது. 2021இல் அதனை வலியுறுத்திற்று. 2023 செப்டம்பரில் பசுமைப் பட்டாசிலும் பேரியம் சேர்க்க இசைவு மறுத்தது. தீர்ப்பு நகரத்து மக்களின் மூச்சைக் காத்தற்பொருட்டு எழுந்தது. அந்த உப்பை முதலில் கையில் எடுத்துச் சலித்தவர்களும் கலந்தவர்களும் நெடுங்காலம் எந்த வழக்கிலும் வாதியாக நிற்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பச்சை போனபின் வேலை நாள்கள் குறைந்ததைத் தாங்கியவர்களும் அவர்களே. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர்களைக் கொண்டுபோனது கதிரன்று. மருந்தில் பிறந்த நெருப்பு.

பேரியத்தின் பெயர் உலக வரலாற்றில் மீண்டும் ஒருமுறை ஒலித்தது. 1938 டிசம்பரில் பெர்லினில் ஆட்டோ ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் நியூட்ரான் தாக்கிய யுரேனியத்தில் ரேடியம் உண்டாகியிருக்கக்கூடும் என எண்ணி, கியூரி காட்டிய வழியிலேயே, பேரியத்தைத் துணையாகச் சேர்த்துப் பிரித்தெடுக்க முயன்றனர். உண்டான பொருள் பேரியத்தைவிட்டுப் பிரிய மறுத்தது. ஏனெனில் அது ரேடியமன்று; பேரியமே. யுரேனியத்தின் எண் 92. பேரியத்தின் எண் 56. எஞ்சிய 36 கிரிப்டானுக்கு உரியது. நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்திருந்த லீசு மைட்னரும் அவர்தம் உறவினர் ஆட்டோ பிரிஷும் இக்கணக்கின் பொருளை உணர்ந்து, அணுக்கரு இரண்டாகப் பிளந்துள்ளது என 1939இன் தொடக்கத்தில் விளக்கினர். ஆசீவகனின் மூன்றாம் மறுப்பும் வீழ்ந்தது. ஆறரை ஆண்டுகளில் இரோசிமா.

பிளவில் பிறக்கும் துண்டுகளுள் ஒன்று ஸ்ட்ரான்சியம் 90; அரைவாழ்வு ஏறத்தாழ 29 ஆண்டுகள். சிவப்பு மத்தாப்பின் ஸ்ட்ரான்சியத்திற்கு உடன்பிறப்பு, ஆனால் கதிர்விடுவது. 1950களில் வானவெளியில் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளின் துகள் புல்லில் படிந்து, பசுவின் பாலில் கலந்து, குழந்தைகளின் பல்லில் சேர்ந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் 1958 முதல் தாய்மார்கள் விழுந்த பால்பற்களை ஆராய்ச்சிக்கு அனுப்பினர். வானவெளிச் சோதனையைத் தடுத்த 1963ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு அந்தப் பற்களும் ஒரு காரணம்.

கல்லூரி ஆசிரியர் கையில் இவ்வறிவு தமிழாக வந்து சேர்ந்த விதமும் கருதத்தக்கது. தமிழகத்தில் கதிரியக்கம் என்கிறோம்; ஈழத்துப் பாடநூல்கள் கதிர்த்தொழிற்பாடு என்றன. ஐசோடோப்புக்கு ஈழத்தார் வழங்கிய சமதானி என்னும் சொல் சிறியதும் இனியதும் ஆகும். இங்கு அது வேரூன்றாமற் போனது இழப்பே. சிதைவு என்னும் சொல்லாட்சி பொருத்தமானதுதானா என்னும் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. சிதைந்தது என்றால் அழிந்தது என்று செவி கேட்கிறது. தோரியம் அழிவதில்லை, ரேடியமாகிறது, பொட்டாசியம் கால்சியமாகிறது. சாத்தனார் ஆண்ட திரிதல் என்னும் வினையே பொருளுக்கு நெருங்கியது. பழகிய சொல்லை இனி மாற்றுவது எளிதன்று.

ரேடியம் அறிவிக்கப்பெற்றதற்குச் சரியாக 22 நாள்களுக்கு முன், 1898 டிசம்பர் 4ஆம் நாள், சதுரகிரி அடிவாரத்து வத்திராயிருப்பில் கே. எஸ். கிருஷ்ணன் பிறந்தார். அவ்வூர் அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. தந்தையார் தமிழும் வடமொழியும் கற்ற உழவர். உள்ளூரிலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிக்கல்வி, பின் மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, அதன்பின் கல்கத்தாவில் இராமனின் ஆய்வுக்கூடம். 1928இல் இராமன் விளைவு வெளிப்பட்டபோது உடன் உழைத்து, நேச்சர் இதழில் வந்த முதல் அறிவிப்பில் இராமனோடு பெயர் சேர்ந்தவர் அவர். 1940இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். விடுதலை பெற்ற இந்தியாவில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். அவர் ஆராய்ச்சி ஒளியையும் படிகங்களின் காந்தப் பண்பையும் பற்றியது. கதிரியக்கம் அவர் துறையன்று. இதனை மறைத்து அவரை அணுவியலாராகப் புகழ்வது மிகை. ஆயினும் 1948 ஆகஸ்டு 10ஆம் நாள் இந்திய அணுசக்தி ஆணையம் அமைந்தபோது ஹோமி பாபா தலைவர். சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் வத்திராயிருப்புக் கிருஷ்ணனும் உறுப்பினர். ஆணையத்தில் இருந்தவர்கள் அம்மூவர்தாம்.

அவ்வாணையம் தொடக்கத்திலேயே கருத்தூன்றிய பொருள்களுள் ஒன்று திருவிதாங்கூர்க் கடற்கரையின் மோனசைட்டு மணல். விளக்குக்காகக் கப்பலேறிய மணல் இனி நாட்டிலேயே நிற்க வேண்டும் என்பது கொள்கையாயிற்று. 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1952இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை இயங்கத் தலைப்பட்டது. 1956 நவம்பர் முதல் நாள் மணவாளக்குறிச்சி தமிழகத்தோடு இணைந்தது. 1961 ஜூன் 14ஆம் நாள் கிருஷ்ணன் மறைந்தார்.

தோரியம் தானே பிளவுபட்டு எரிபொருளாவதில்லை. அதன் அணு ஒரு நியூட்ரானை ஏற்றால் தோரியம் 233 ஆகும். அது 22 நிமிட அரைவாழ்வில் புரோடாக்டினியமாகவும், அது 27 நாள் அரைவாழ்வில் யுரேனியம் 233 ஆகவும் திரியும். இந்த இரட்டைச் சிதைவு இல்லையேல் அந்த மணலால் அணு உலைக்குப் பயனில்லை. 1996 அக்டோபரில் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், யுரேனியம் 233ஐ எரிபொருளாகக் கொண்ட ஆராய்ச்சி உலை ஒன்று இயங்கத் தொடங்கிற்று. 30 கிலோவாட்டு ஆற்றலுடைய அச்சிறு உலைக்குக் காமினி என்று பெயரிட்டனர்.